பார்த்தது, கேட்டது: ஜித்ராவிலிருந்து பினாங்கு வரை

நிகழ்ச்சி முடிந்து ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது, தொலைபேசியில் ஒருவர் இன்னும் காத்திருப்பதாகச் சொன்னார்கள். பாட்டு கேட்பவராக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். வயதான பெண் குரல்.

“ஏம்மா, இப்ப ரேடியோவுல ஜப்பான்காரன் கதை சொன்ன பொண்ணு நீதானா?”

“ஆமா பாட்டி. சொல்லுங்க.”

“பினாங்கு ஜனங்கள முன்னாடியே கப்பல்ல கொண்டுபோயிட்டாங்கன்னு சொன்னியே. யார கொண்டுபோனாங்க? எங்க சித்தப்பா அங்கதான் இருந்தாரு. அவர யாரும் கூப்பிடலயே?”

நான் பழைய பத்திரிகையில் படித்ததாகச் சொன்னேன். அது உண்மை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் 1941 டிசம்பர் பத்திரிகைகளைப் புரட்டித்தான் அந்த அரை மணி நேர நிகழ்ச்சியை எழுதியிருந்தேன். தேதி இருந்தது, அமைச்சர் பெயர் இருந்தது. ஊடகப் படிப்பில் சொல்லிக்கொடுத்தபடி மூலத்தைப் பார்த்தேன், குறிப்பெடுத்தேன், வாசித்தேன். பாட்டி சிரித்தார்.

“பேப்பர்ல போட்டா? எங்கப்பாவும் எழுதி வெச்சிருக்காரு. வந்து பாரு.”

சுங்கைப் பட்டாணியில் வீடு. தொண்ணூறு வயது தாண்டியவர். போர் வந்தபோது எட்டு வயது. போவதென்று முடிவு செய்தேன். ஆனால் நேராக அங்கே போகாமல், போர் வந்த வழியிலேயே வடக்கிலிருந்து இறங்கி வரலாம் என்று தோன்றியது. தம்பி மைவி காரை எடுத்தான். கடந்த டிசம்பர், பள்ளி விடுமுறை. நெடுஞ்சாலையெங்கும் கார்கள். எல்லையைக் கடந்து ஹாட்ஞாய்க்குச் சாப்பிடப் போகிறவர்கள்.

நாங்கள் ஜித்ராவில் இறங்கிவிட்டோம்.

ஜித்ரா இன்று அகலமான சாலைகளும் தாமான் வீடுகளும் பல்கலைக்கழக மாணவர்களும் நிறைந்த ஊர். ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு, பழைய சாலையில் ஆசூன் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் வயல், கொஞ்சம் ரப்பர், ஒரு சிற்றாறு. தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்கயா சண்ட நடந்துச்சு?” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால் தெரிகிற மாதிரி என் கண்ணுக்கும் எதுவும் படவில்லை.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சொங்க்லா, பட்டானியிலும் இறங்கினார்கள். (பெர்ல் துறைமுகத் தாக்குதல் டிசம்பர் 7 என்றுதான் பள்ளியில் படித்தோம். நம் ஊர் நாட்காட்டியில் அதுவும் 8தான். கோத்தா பாருவில் முதல் குண்டு விழுந்தது ஹவாயில் விழுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால்.) சொங்க்லாவில் இறங்கியவர்கள் நேராகக் கெடாவுக்குள் வந்தார்கள். அவர்களைத் தடுக்க நின்றது பதினோராவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. பஞ்சாபியர், ஜாட்டுகள், கூர்க்காக்கள், சில ஆங்கிலேயப் பட்டாளங்கள். தாய்லாந்துக்குள் முன்னேறுவதா, ஜித்ராவில் காத்திருப்பதா என்ற முடிவு கடைசிவரை இழுத்தடிக்கப்பட்டதால் பதுங்கு குழிகள் அரைகுறையாகக் கிடந்தன. மழை வேறு, குழிகளில் தண்ணீர். ஜப்பானியரிடம் டாங்கிகள் இருந்தன. மலாயா முழுவதும் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. 11ஆம் தேதி தொடங்கிய சண்டையில் 12ஆம் தேதி இரவே பின்வாங்க உத்தரவு வந்துவிட்டது.

இந்த இரண்டு நாளைப் பற்றி எத்தனை கணக்குகள்! ஜப்பானியத் தரப்பில் திட்டமிட்டவர்களில் ஒருவரான கர்னல் சுஜி, பல மாதம் தாங்கும் என்று நம்பப்பட்ட அரணை ஏறக்குறைய 500 பேர் ஒரே நாளுக்குள் உடைத்தார்கள் என்று பெருமையாக எழுதினார். தோற்ற தளபதி பெர்சிவல் எழுதிய அறிக்கை 1948இல் லண்டன் அரசிதழில் வந்தது. அதில் மழையும் டாங்கியும் களைப்பும் இருக்கின்றன. ஆசூன் பக்கம் சிதறிய பஞ்சாப் பட்டாளத்தின் கேப்டன் மோகன் சிங் 1974இல் தன் நூலை வெளியிட்டார். அவருக்கு ஜித்ரா வேறொன்றின் தொடக்கம். மூன்று பேரும் ஒரே சாலையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அந்தச் சாலையோரம் குடியிருந்தவர்கள் மூன்றிலும் கூட்டமாக, பெயரில்லாமல், மூட்டை முடிச்சோடு கடந்து போகிறார்கள்.

அலோர் ஸ்டாருக்கு இருபது நிமிடம். சாஹிர் பள்ளிவாசலின் கறுப்புக் குவிமாடங்களைப் பார்த்ததும் தம்பி வண்டியை நிறுத்தச் சொல்லிப் படமெடுத்தான். எனக்கு இந்த ஊரில் இரண்டு கதைகள் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்று, ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானியுடையது. டிசம்பர் 9ஆம் தேதி பட்டர்வொர்த் தளத்திலிருந்து சொங்க்லாவைத் தாக்க ஒரு விமான அணி கிளம்ப வேண்டும். ஸ்கார்ஃப் மேலே ஏறிய நேரத்தில் ஜப்பானியர் தளத்தின் மீது குண்டு போட, மற்ற விமானங்கள் தரையிலேயே போயின. அவர் தனியாகப் போய்க் குண்டு வீசினார். திரும்பும் வழியில் படுகாயம். அலோர் ஸ்டாருக்கு அருகில் ஒரு வயலில் விமானத்தை இறக்கினார். உடன் வந்த இருவரும் பிழைத்தார்கள். அவர் அன்றிரவு அலோர் ஸ்டார் மருத்துவமனையில் இறந்தார். அவர் மனைவி அதே மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். பிரிட்டனின் மிக உயரிய வீரப்பதக்கமான விக்டோரியா சிலுவை அவருக்கு 1946இல்தான் கிடைத்தது. காரணம், பின்வாங்கும்போது அணியின் பதிவேடுகள் அழிந்துவிட்டன. நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் போர் முடிந்து வெளியே வரும்வரை அந்தப் பறப்பு எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஒரு விமானப்படை அதிகாரிக்கே இந்த நிலை என்றால் தோட்டத்துப் பால்வெட்டுக்காரருக்கு என்ன நிலை என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கதை நம் வீடுகளில் தெரிந்ததுதான். காட்டில் அலைந்த மோகன் சிங், டிசம்பர் நடுவில் அலோர் ஸ்டார் பக்கம் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவையும் கியானி பிரீத்தம் சிங்கையும் சந்தித்தார். ஊரில் கொள்ளையை அடக்கும் பொறுப்பு பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களுடன் அவரிடம் தரப்பட்டது. இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை இந்த ஊரில் விழுந்தது. நேதாஜி வந்து தலைமை ஏற்றது 1943இல், சிங்கப்பூரில். நம் மேடைப் பேச்சுகளில் கதை அங்கிருந்துதான் தொடங்கும். அலோர் ஸ்டாரைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

தெற்கே குரூண் நோக்கி வரும்போது வலப்பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர். மேகம் அதன் தலையில் துண்டு கட்டியதுபோல் இருந்தது. டிசம்பர் 14, 15இல் அந்த அடிவாரத்தில் இன்னொரு சண்டை. அதுவும் தோல்வி. மலைக்கு அந்தப் பக்கம் மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. தோற்ற மன்னன் சங்கிராம விஜயோத்துங்க வர்மன் என்று பெயரோடு சொல்கிறது, அள்ளிய செல்வத்தையும் சொல்கிறது. ‘கடாரம் கொண்டான்’ என்று சினிமாவே எடுத்துவிட்டோம். தாக்கப்பட்ட ஊரில் இருந்தவன் அன்றிரவு என்ன செய்தான் என்பதற்கு அந்தக் கல்லில் இடமில்லை. ஜெயித்தவன் செதுக்கிய கல். நம்மவன் செதுக்கியது என்பதால் நாம் கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பாட்டியின் தோட்டம் குரூணுக்கும் பீடோங்குக்கும் நடுவே இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்டு, முனியாண்டி கோயிலும் ஓர் ஆலமரமும் மிச்சம். கோயிலில் யாரோ காலையில் வைத்த கற்பூரத் தட்டு. செம்பனை லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. தம்பி கைப்பேசியில் இடத்தின் பெயரைத் தேடினான். அருகிலிருந்த புதிய தாமானின் பெயரைத்தான் அது காட்டியது.

சுங்கைப் பட்டாணி வந்து சேர்ந்தபோது மதியம். மணிக்கூண்டைத் தாண்டி, ஒரு தாமானின் கடைசி வரிசை வீடு. பாட்டி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் குரலை வைத்து என்னைக் குண்டான பெண் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். சாப்பிட்ட பிறகுதான் புத்தகத்தை எடுப்பேன் என்றார். சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு.

புத்தகம், தோட்டத்துச் செக்ரோல் பேரேடு. தினமும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, யார் வேலைக்கு வந்தார் என்று குறிக்கும் நீளமான புத்தகம். பாட்டியின் அப்பா சின்னக் கிராணி. துரை தெற்கே காரில் போன பிறகு, பெரட்டு நின்றுபோனது. பேரேட்டில் பக்கங்கள் மிச்சமிருந்தன. அவர் எழுதத் தொடங்கியிருக்கிறார். பென்சில், தமிழும் ஆங்கிலமும் கலந்து, ஒரு நாளைக்கு நாலைந்து வரி.

ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஓர் எழுத்து. ‘பா’ அல்லது ‘கே’.

“பார்த்தது, கேட்டது” என்றார் பாட்டி. “ஆள் வரலன்னா வரலன்னுதான போடணும். வந்துருப்பான்னு போட்டா சம்பளக் கணக்கு இடிக்கும். அந்தப் பழக்கம் அவருக்கு.”

நான் வரிசையாகப் படித்தேன். பா: மழை. பா: வடக்கே இடி மாதிரி சத்தம், இடி இல்லை. கே: ஜித்ராவில் வெள்ளைக்காரன் ஜெயித்தான். மறுநாள் அதன் மேல் ஒரு கோடு. பா: சிப்பாய்கள் காலில் பூட்சு இல்லாமல் தெற்கே. பா: அரிசி ஸ்டோர் திறந்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு மூட்டை, சண்டை. பா: தெற்கே கடல் பக்கம் புகை. கே: பினாங்கு எரிகிறது. அதன் பிறகு சைக்கிள்கள், அவற்றின் எண்ணிக்கைகூட ஒரு மணி நேரத்துக்கு எழுதி, பாதியில் நிறுத்தியிருக்கிறார்.

அவர் ஜப்பானியரைத் திட்டவும் இல்லை, வெள்ளைக்காரரைத் திட்டவும் இல்லை. அவருக்குக் கோபம் இல்லாமல் இருந்திருக்காது. பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் தேடி வந்த வரி கிறிஸ்துமஸுக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. ‘கே: ரேடியோ. பினாங்கு ஜனங்களைக் கப்பலில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுபோயாச்சு.’ துரை பங்களாவில் விட்டுப்போன வானொலிப் பெட்டி. சிங்கப்பூர் ஒலிபரப்பை யாரோ பிடித்திருக்கிறார்கள். அந்த வரி முழுவதும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. கீழே: ‘பா: தம்பி வந்தான். நடந்து. கப்பல் வெள்ளைக்காரருக்கு மட்டும்.’

எண்பது ஆண்டுகள் கழித்து அந்த அடித்த வரியைத்தான் நான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன்.

அந்த ஒலிபரப்பு நிஜம். அப்போது சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்ற பொருளில் வானொலியில் பேசினார். அவர் மனதில் இருந்த ‘மக்கள்’ ஐரோப்பியர். தீவில் விடப்பட்ட சீனர், மலாய்க்காரர், இந்தியர் அவர் கணக்கில் வரவில்லை. சிங்கப்பூர் ஆசியர்களிடையே அந்தப் பேச்சு எழுப்பிய கொதிப்பு நூல்களில் பதிவாகியிருக்கிறது. நான் முழுதும் படித்திருந்தால் அதையும் பார்த்திருப்பேன். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு எனக்கு ஒரு வரிதான் வேண்டியிருந்தது.

பேரேட்டின் பின்பக்கங்களில் தேதிகள் மாறுகின்றன. 1942, ஜப்பானிய ஆண்டாக 2602 ஆகிறது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு நகர்கிறது. ‘புது மணி’, ‘பழைய மணி’ என்று இரண்டையும் எழுதியிருக்கிறார். 1943 அக்டோபரில் ஜப்பான், கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. மாநிலத்தின் பெயரே சைபுரி ஆனது. இரண்டு ஆண்டுக்குள் மூன்று கொடிகள், மூன்று நாட்காட்டிகள். கிராணி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பழைய ஆங்கிலத் தேதியையும் போட்டுக்கொண்டே போகிறார்.

பிறகு வெறும் பெயர்ப் பட்டியல் ஒன்று வருகிறது. தலைப்பு: ‘சயாம்’. தோட்டத்திலிருந்து ரயில் பாதை போடப் போனவர்கள். 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதைக்கு மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். போர்க்கைதிகளுக்குக் கல்லறைகளில் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ போன்ற நாவல்களில்தான் அவர்கள் மூச்சு விடுகிறார்கள். பேரேட்டில், திரும்பி வந்தவர் பெயருக்கு நேராக ஒரு சின்ன ‘டிக்’. ‘டிக்’ இல்லாத பெயர்கள் அதிகம். எண்ணலாம் என்று விரலை வைத்தேன். பாட்டி என் கையை மெதுவாக நகர்த்திவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

“இந்தப் பேரெல்லாம் ரேடியோவுல படிக்காத. அந்த வீட்டுப் பிள்ளைங்க இங்கதான் பக்கத்துல இருக்காங்க. வேணும்னா அவங்க வந்து பாக்கட்டும்.”

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கப்பல் வரி இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மூடா ஆற்றைக் கடந்து பட்டர்வொர்த் போனோம். கெடாவின் கதை என்று நான் நினைத்தது பினாங்கில் முடிகிறது. அதைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. பழைய கார் ஃபெரிகள் போய், இப்போது பயணிகளுக்கான புதிய வேகப் படகுகள் ஓடுகின்றன. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. சித்தப்பா எதிர்த்திசையில் இந்தத் தண்ணீரை எப்படிக் கடந்தார் என்று பேரேட்டில் இல்லை.

1941 டிசம்பர் 11 காலை, ஜார்ஜ்டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் வந்தபோது மக்கள் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். நம் விமானங்கள் என்றே பலர் நினைத்தார்கள். தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி கிடையாது. நெரிசலான கடைவீதிகளில் குண்டுகள் விழுந்தன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு நூலுக்கு நூல் ஓர் எண். இதில் நம் தொழிலின் தவறும் கலந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேஷுவல்டி’ என்றால் செத்தவரும் காயம்பட்டவரும் சேர்ந்தது. தமிழில் அவசரமாக மொழிபெயர்க்கும்போது அது ‘பலி’ ஆகிவிடுகிறது. ஒரு சொல்லில் காயம்பட்டவரெல்லாம் செத்துப்போவார்கள். நானும் செய்திருக்கிறேன். இன்றைய போர்ச் செய்திகளிலும் இது தினமும் நடக்கிறது.

13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் ஓசையில்லாமல் கப்பலேறினார்கள். 16, 17க்குள் படையும் அதிகாரிகளும் போய்விட்டார்கள். நகரத்தில் எரியும் கடைகள், அகற்றப்படாத சடலங்கள், கொள்ளை. அப்போது பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஒரு பத்திரிகையாளர். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’வின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கொழும்புத் தமிழர். கொழும்பில் பி. சரா ஓவல் என்ற கிரிக்கெட் மைதானம் யார் பெயரில் இருக்கிறதோ, அவருடைய சகோதரர். எல்லா இனத்தவரும் அடங்கிய ஒரு குழுவை வைத்துக்கொண்டு அரிசி, தண்ணீர், காவல், சடலம் அகற்றுதல் என்று நகரத்தை நடத்தினார்.

கார்ன்வாலிஸ் கோட்டைக்கு நடந்தோம். கொடிக்கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பிரிட்டிஷார் போகும்போது தங்கள் கொடியை இறக்க மறந்துவிட்டார்கள். கொடி பறந்தவரை ஜப்பானியர் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை இறக்கியவர் சரவணமுத்து. நகரத்தில் ராணுவம் இல்லை என்ற செய்தியை எப்படியாவது அவர்களுக்குச் சேர்க்க வேண்டும். யூரேசியக் குதிரைப் பயிற்சியாளர் ஒருவர் அதைச் சொல்லச் சைக்கிளில் சுங்கைப் பட்டாணிவரை போனதாக வரலாற்று நூல்களில் உண்டு. நாங்கள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்த அதே ஊர்.

இன்னொன்றையும் பிரிட்டிஷார் மறந்துவிட்டார்கள், வானொலி நிலையத்தை. அதை உடைக்காமல் போனார்கள். டிசம்பர் 19இல் தீவுக்குள் வந்த ஜப்பானியர் சில நாளில் அதே கருவியிலிருந்து சிங்கப்பூரைக் கூப்பிட்டு, எங்கள் குண்டு எப்படியிருக்கிறது என்று நக்கலாகக் கேட்டார்கள். அமைச்சரின் தவறான கணக்கு ஒரு வானொலியில், வென்றவனின் நக்கல் இன்னொரு வானொலியில். நடுவில் நகரத்துக்குள் இருந்து பார்த்தவர் சரவணமுத்து. அவரை ஜப்பானியர் பிறகு சிறையில் போட்டார்கள். அவருடைய நினைவுக்குறிப்பான ‘தி சரா சாகா’ 1970இல்தான் வெளிவந்தது.

கோட்டைக்கு வெளியே எஸ்பிளனேடில் குடும்பங்கள் பசெம்பூர் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. தம்பி கைப்பேசியில் காஸா காணொளி ஒன்றைக் காட்டி, “இது நெசமாக்கா?” என்று கேட்டான். தெரியாது என்றேன். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அங்கே சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. பதிவு செய்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே, தங்கள் வீட்டையும் இழந்துகொண்டு. 2022இல் முற்றுகையிடப்பட்ட மரியுபோலுக்குள் இருந்து பதிவு செய்த செய்தியாளர்கள் உக்ரேனியர்களே, அவர்கள் எடுத்த படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. வன்னி இன்னொன்று. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். 2009 தொடக்கத்தில் உள்ளே இருக்கும் மக்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம். குறைத்து எண்ணினால் சோறும் மருந்தும் குறைவாக அனுப்பினால் போதும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையே பொய் சொல்லிவிட்டால், எத்தனை பேர் இறந்தார்கள் என்று பிறகு யார் எப்படி எண்ணுவது?

தம்பி அந்தக் காணொளியை அவன் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, அது வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்தது என்று தெரிந்தது. அதற்காக அங்கே குண்டு விழவில்லை என்று ஆகாது. ஒரு பொய்ப் படம், நிஜப் படம் எடுத்தவனின் வாயையும் அடைத்துவிடுகிறது. இதுதான் எனக்கு ஆத்திரம்.

அடுத்த வார நிகழ்ச்சியில் திருத்தம் வாசிக்க நேரம் கேட்டேன். பழைய சமாச்சாரத்துக்கு எதற்குத் திருத்தம், யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்று ஒரு சிரிப்பு வந்தது. நாற்பது விநாடி கிடைத்தது. போன வாரம் நான் சொன்னது தவறு. பினாங்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஐரோப்பியர். மற்றவர்கள் விடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு நாள் நடந்து பீடோங் பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்கு வந்ததை, அந்தத் தோட்டத்துக் கிராணி எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவுதான். பிறகு பாட்டு.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி வந்தது.

“நல்லாச் சொன்ன. ஆனா ரெண்டு நாள் நடந்தாருன்னு சொன்னியே, அது எங்கப்பா எழுதுனது இல்ல.”

நான் கைப்பேசியில் அந்தப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்த்தேன். ‘நடந்து’ என்று மட்டும்தான் இருந்தது.

“அது நான் சொன்னது, சாப்பிடறப்ப. எனக்கு அப்ப எட்டு வயசும்மா. அத ‘கே’யில போடு.”